வெள்ளையாக விட்ட இடம்

சுகுமாறன் எனக்குத் தர வேண்டியிருந்தது மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரிங்கிட். வட்டிக்கு விட்ட பணமில்லை. என் மனைவி பஞ்சாலைக்குக் கல்லறை கட்ட அவனிடம் கொடுத்து வைத்த பணம்.

அவன் கொத்தனார். எங்கள் செம்பனைத் தோட்டத்துச் சுடுகாட்டில் நிற்கிற கல்லறைகளில் பாதி அவன் கை வேலை. பஞ்சாலை இறந்த வருடம்தான் என் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கும் காரியத்துக்கும் போக மிஞ்சியதோடு அவள் காதுத் தோட்டையும் விற்றுச் சேர்த்து அவன் கையில் கொடுத்தேன். பச்சை ஓடு பதித்து, தலைமாட்டில் அவள் படத்தை வைத்து, பெயரைத் தமிழில் வெட்டித் தருவதாகச் சொன்னான். எழுத்தை நான்தான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, பிழையில்லாமல் வர வேண்டுமே என்று நாலைந்து தரம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவன் ஒரு லோரி மணலைக் கொண்டுவந்து கொட்டினான். அதோடு சரி. அவனுடைய லோரி கியர் பாக்ஸ் போய்விட்டது, என் பணம் அதற்குள் போயிற்று. "அடுத்த மாசம்ணே, அடுத்த மாசம்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மழையில் மணல் கரைந்து சாக்கடைக்குப் போனது. பிறகு தோட்டத்தை வாங்கிய கம்பெனி வாசலில் கேட் போட்டு, சிமெண்ட் லோரியை உள்ளே விடாமல் நிறுத்தியது. சுகுமாறனுக்கு அது நல்ல சாக்காகப் போய்விட்டது. பஞ்சாலை வெறும் மண்மேடாகவே கிடந்தாள்.

தோட்டம் விலைபோன கதையை நான் நீட்டவில்லை. நெகிரி செம்பிலானில் இதைக் கேட்காத காது கிடையாது. எண்ணெய் எடுக்கிற செம்பனையை வெட்டிச் சாய்த்துவிட்டு வீடு கட்டப் போகிறார்கள். எங்களுக்கென்று ஒரு துண்டு நிலத்தை ஒதுக்குவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. கோயில், நாங்கள் குடியிருக்கிற லயம், நடுவில் சரிவில் இருக்கிற சுடுகாடு, எல்லாம் அதற்குள் வரும். லயம் இருக்கும் இடத்தில் எங்களுக்குச் சிறு வீடு கட்டிக் கொடுப்பார்கள். அதைப் பேச வந்தவர் சத்தியசீலன். கம்பெனியில் அதிகாரி. அவருடைய அப்பா இதே தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அப்பா எங்கள் கூலியை எழுதினார், மகன் எங்கள் நிலத்தை எழுத வந்தார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். சத்தியசீலன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தே பேசினார். அதிலேயே பாதிப் பேர் மயங்கிப் போனார்கள்.

"பாருங்கண்ணே, கம்பெனி கோடு போட்டா நாளைக்கு நீங்க என்ன சொல்வீங்க? கம்பெனி ஏமாத்திருச்சும்பீங்க. அதனால கோட்ட நீங்களே போடுங்க. மொத்த எடத்தையும் சுத்தி ஒரு கோடு, உள்ள கோயிலுக்கு ஒண்ணு, சுடுகாட்டுக்கு ஒண்ணு. சுத்தி நடந்து பைல் பண்ணிக் குடுங்க. நீங்க போட்ட கோட்ட நாங்க தொடமாட்டோம்."

"பைலுன்னா? அட்ட பைலா?" என்று கேட்டார் தர்மேந்திரன். கோயில் கமிட்டிக்கும் லயத்துக்கும் அவர்தான் தலைவர்.

"கம்ப்யூட்டர் பைல் தலைவரே. ஷேப் பைல்னு சொல்வாங்க. எங்க சிஸ்டம் அதத்தான் எடுக்கும்."

"சர்வேயரப் புடிச்சா பத்தாயிரம் கேப்பானே லா. நம்ம உண்டியல்ல கற்பூரத்துக்கே காணாது."

"அது உங்க பாடு தலைவரே. மூணு மாசம் டைம் இருக்கு."

கூட்டம் கலைந்தபோது சுகுமாறன் என் பின்னாலேயே வந்தான். அவன் இப்போது அம்பாங்கானில் மகள் ரோகினியோடு இருக்கிறான். கோயில் விஷயம் என்றால் மட்டும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவான். அன்றைக்கும் என் கண்ணில் படாமல் தூண் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நம்ம ரோகினி இதத்தான்ணே வேலையாப் பாக்குது. செரம்பான்ல லோரிக்கெல்லாம் வழி போட்டுக் குடுக்குற கம்பெனி. மேப்புதான் அதுக்குச் சோறு போடுது."

"எவ்வளவு கேக்கும்?"

"உங்ககிட்டப் போயி கேக்குமா? நம்ம கணக்கோட கணக்கா நேர் பண்ணிக்கலாம்ணே."

"எந்தக் கணக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

"நீயுந்தான் ரெண்டு வருசமா தெரியாத மாதிரி திரியுற. நான் கேட்டா மட்டும் வலிக்குதா?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எடமே நிக்கலன்னா கல்லறைய எங்கண்ணே கட்டுறது? மொதல்ல அண்ணி படுத்திருக்குற மண்ணு நிக்கட்டும்."

அது நியாயமாகத்தான் பட்டது. பச்சை ஓடு இல்லாவிட்டால் போகிறது, மண் இருந்தால் போதும் என்று நினைத்தேன். தர்மேந்திரன் பக்கத்தில் வந்து நின்றார். அவர் காதில் விழும்படியே சொன்னேன்.

"மேப்பு என் கைக்கு வரட்டும். வந்த அன்னைக்கு நீ எனக்கு ஒரு காசு குடுக்க வேணாம். தலைவரே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேன் சன்னாசி. கோயில் வாசல்ல சொன்னது, அப்புறம் மாத்திப் பேசக்கூடாது லா" என்றார் அவர்.

ரோகினி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சின்னப் பிள்ளையில் பஞ்சாலை மடியில் கிடந்து வளர்ந்தவள், இப்போது அவளுக்கே முப்பது தாண்டிவிட்டது. என் கைப்பேசியை வாங்கி எதையோ ஏற்றினாள்.

"நடக்க ஆரம்பிக்கும்போது இந்தச் செவப்ப அமுக்குங்க பெரியப்பா. எல்லையிலேயே நடங்க, குறுக்க பூந்துறாதீங்க. தொடங்குன எடத்துக்கே வந்து நின்னுட்டுத் திரும்ப அமுக்குங்க. முடிவு தொடக்கத்தோட சேரலைன்னா அது நெலம் இல்ல, வெறும் கோடு."

"மரத்தடியில வேல செய்யுமா?"

"கொஞ்சம் ஆடும். மெதுவா நடந்தீங்கன்னா புடிச்சுக்கும். அவசரப்படாதீங்க."

எல்லாம் சொன்னாள். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றவர்களுக்கு வேலை இருந்தது. எனக்குச் செம்பனைப் பழம் வெட்டி வெட்டித் தோள்பட்டை போய் வேலை நின்றிருந்த நேரம். ஆகவே நடக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கோயில் வாசலில் தொடங்கினேன். கோயிலில் தொடங்கினால் கால் வலப்பக்கம்தானே திரும்பும். சாக்கடை ஓரமாகப் போய், பழைய புகைவீட்டைத் தாண்டி, கடைசிச் செம்பனை வரிசையைப் பிடித்து, லயத்தின் பின்புறமாக வந்து மறுபடி கோயில் வாசலில் முடித்தேன். பிறகு கோயிலை மட்டும் ஒரு சுற்று, அதுவும் வலமாக. வியர்வையில் கைப்பேசி கையைவிட்டு வழுக்கியது.

சுடுகாட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. லாலான் புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. ஓரத்தில் மொட்டை வேலிக்கல் ஒன்று உண்டு. அங்கே நின்று சிவப்பை அமுக்கினேன். கால் தானாக இடப்பக்கம் திரும்பியது.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பஞ்சாலைக்குக் குடத்தை நானே தோளில் வைத்துக்கொண்டு குழியை இடமாகச் சுற்றினேன். பின்னால் வந்து குடத்தில் ஓட்டை போட்டவன் சுகுமாறன். சுற்றுக்கு ஒரு ஓட்டை, தண்ணீர் என் முதுகெல்லாம் வழிந்தது. அதே பக்கமாகத்தான் இப்போதும் நடந்தேன். அவளுடைய மேட்டில் நட்டிருந்த செவ்வரளி பூத்திருந்தது. கைப்பேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். பிறகு நடந்து வேலிக்கல்லில் முடித்தேன்.

ரோகினி மூன்று கோடுகளையும் சேர்த்து ஷேப் பைல் செய்துவிட்டாள். அதைக் கொடுக்கப் போகிற சமயத்தில் சத்தியசீலனிடமிருந்து செய்தி வந்தது. கம்பெனியில் சிஸ்டத்தை மாற்றிவிட்டார்களாம், இனிமேல் ஜியோஜேசன் என்கிற வகையில்தான் வேண்டுமாம்.

அம்பாங்கானில் அவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், அலுவலகத்துச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுகுமாறன் எனக்குத் தே தாரேக் டீ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடன்காரன் நிற்கிற மாதிரிச் சுவரோரமாய் நின்றான்.

"கேக்குறது ஒண்ணு, அப்புறம் மாத்துறது ஒண்ணு" என்று முணுமுணுத்தபடி ரோகினி கம்ப்யூட்டரைத் திறந்தாள். கறுப்புத் திரையில் சில வரிகளை அடித்தாள். "பழைய பைல ஒரு கோடு எழுதிப் புதுசா மாத்திருவேன் பெரியப்பா. அஞ்சு நிமிசம்."

"கோடா? நான்தான நடந்து போட்டேன்?"

அவள் சிரித்தாள். "இது வேற கோடு. கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுறது. பழைய பைல்ல இருக்குற ஒவ்வொரு வளையத்தையும் எடுத்துப் புது வகையில எழுதுன்னு சொல்றேன்."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். திரை நிறைய எண்களும் அடைப்புக்குறிகளுமாக ஓடியது.

"இந்த வகையில ஒரு நல்லது, தொறந்து படிக்கலாம். பாருங்க, இந்த ரெண்டு நம்பர் சேந்தா ஒரு புள்ளி. நீங்க கால் வச்ச எடம்."

கிட்டப்போய்ப் பார்த்தேன். என் காலடி அப்படி எண்ணாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அவள் வேறொரு சன்னலைத் திறந்து படமாகக் காட்டினாள். கறுப்பில் சிவப்புக் கோடுகள். வெளிக்கோடு, உள்ளே கோயில், உள்ளே சுடுகாடு. மூன்றும் இருந்தன. சுடுகாட்டுக் கோட்டில் வேலிக்கல்லின் மூலைகூடத் தெரிந்தது. சரி என்றேன். அனுப்பிவிட்டாள்.

ஒப்பந்தம் போடுகிற நாள் கம்பெனியே வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு வந்தது. ரோகினியும் சுகுமாறனும் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். நிலம் முழுக்க நல்ல பச்சை, கோயில் கொஞ்சம் கருத்த பச்சை. சரிவில் சுடுகாடு மட்டும் வெள்ளை.

"இது ஏன் வெள்ளையா இருக்கு?" என்று தர்மேந்திரன்தான் கேட்டார்.

சத்தியசீலன் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா முந்திக்கொண்டாள். அறுபது வயதுக்காரி, புருசன் போய்ப் பல வருடமாகிறது, யாரையும் விடமாட்டாள். "தாலி அறுத்தவளுக்கே வெள்ளச் சேலதான்னு கட்டிவிட்டீங்க. பொணத்துக்கு மட்டும் பச்ச கேக்குதா தலைவரே?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சுடுகாட்டை வெள்ளையாகத்தானே விடுவார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் பட்டது. சத்தியசீலனும் சிரித்தார், பிறகு பேனாவை நீட்டினார்.

ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியை நான்தான் எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். முன்பெல்லாம் கிராணி காட்டிய இடத்தில் பெருவிரலை அமுக்கிவிட்டுப் போனவன். எழுத்துத் தெரிந்துவிட்டால் இனி எவனும் என்னை ஏய்க்க முடியாது என்று நம்பியவன். 'வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டப்பட்ட நிலம் குடியிருப்பாளர்களுக்கு உரியது' என்று தடங்கலில்லாமல் படித்தேன். படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் சுகுமாறன் வந்தான். வரைபடத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று சொன்னேன், "கைக்கு வந்துருச்சு. உன் கணக்கு தீந்துச்சு, போ." அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

தீபாவளி கழிந்து மண்வாரி இயந்திரம் வந்தது. முதலில் சாக்கடைப் பக்கம் வேலை செய்வதாக நினைத்தோம். சத்தம் சரிவுக்கு ஏறியபோது ஓடினேன். லாலானை வழித்துக்கொண்டே போய் சுடுகாட்டில் பாதிக்கு மேல் முடித்திருந்தார்கள். கல்லறைகள் மட்டும் மொட்டையாக நின்றன. அரளி, செம்பருத்தி, துளசி, அவரவர் நட்டது எல்லாம் வேரோடு ஒரு குவியலாய்க் கிடந்தது. மண்மேடுகள் தரையோடு தரையாகிவிட்டன.

சத்தியசீலன் மஞ்சள் தொப்பியோடு கார் பக்கத்தில் நின்றார். வரைபடத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கோட்ட தொடமாட்டேன்னு கோயில்ல உக்காந்து சொன்னீங்களே!"

"தொடலையேண்ணே. பச்சையில ஒரு அங்குலம் கை வச்சிருக்கமா பாருங்க." அவர் விரலால் காட்டினார். "இது வெள்ள. நீங்க குடுத்த பைல்ல இது ஓட்ட. நெலத்துக்கு நடுவுல குளம் இருந்தா வெட்டி விடுவாங்கல்ல, அந்த மாதிரி. கோடு போட்டது நீங்கதான்."

"சுடுகாட்ட எவன்யா வேணாம்னு வெட்டி விடுவான்?"

"நானும் பாத்தப்ப அப்படித்தான் நெனச்சேன். சரி, வீட்டுப் பக்கத்துல சுடுகாடு எதுக்குன்னு கமிட்டியே விட்டுட்டாங்க போலன்னு."

"பாத்தீங்களா? எப்ப பாத்தீங்க?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அன்றைக்கே அம்பாங்கானுக்குப் போனேன். ரோகினி வீட்டுக்கு வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் பையைக்கூட இறக்கிவைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். முன்பு வெறும் கோடாகக் காட்டிய படத்துக்கு இப்போது வண்ணம் நிரப்பினாள். பச்சை பரவியது. சரிவில் வெள்ளை.

வெள்ளையின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு, "பெரியப்பா, சுடுகாட்ட எந்தப் பக்கமா சுத்தி நடந்தீங்க?" என்று கேட்டாள்.

மேசையில் விரலால் சுற்றிக் காட்டினேன்.

அவள் முகம் வெளுத்தது. "பழைய பைல்ல ஒரு வழக்கம் உண்டு. வலமா சுத்துன வளையம்னா நெலம். அதுக்குள்ள எடமா சுத்துன வளையம் இருந்தா, ஓட்டைன்னு அர்த்தம். என் கோடு அத அப்படியே நம்பி மாத்திருச்சு. மத்த ரெண்டையும் வலமா நடந்திருக்கீங்க. இத மட்டும் ஏன் பெரியப்பா மாத்தி நடந்தீங்க?"

"சுடுகாட்ட எவனாவது வலம் வருவானா? அது என்ன கோயிலா?"

அவளுக்கு அழுகை வந்தது. சுகுமாறன் அடுப்படி வாசலில் நின்றான். குடத்தில் ஓட்டை போட்டவன் அவன். மகள் சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"புது வகையிலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதுசுல தலகீழ். அதுல நெலத்த எடமாத்தான் எழுதணும்."

"அப்ப நான் நடந்தது புதுசுக்குச் சரி."

"சரி. நான் பழசு வழியாப் போகாம நேரா புதுசுல எழுதியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. வண்ணம் போட்டு ஒரு தடவ பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு அசதி பெரியப்பா. கோடு இருக்கான்னு மட்டும் பாத்தேன்."

அவள் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். வெள்ளை போய் முழுக்கப் பச்சையாயிற்று. அதை என் கைப்பேசிக்கு அனுப்பினாள். இன்னும் அதில் இருக்கிறது. இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை.

அதை எடுத்துக்கொண்டு தர்மேந்திரனிடம் போனேன். கமிட்டி பெயரில் எதிர்த்து எழுதலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒப்பந்தத்தக் கெளறுனா வீட்டையும் நிறுத்துவான் லா. அஸ்திவாரத்துக்குப் பைலிங் போட்டுட்டான். முப்பது குடும்பம் காத்துக்கிட்டு நிக்குது. பொணத்துக்காக வீட்ட விடச் சொல்றியா சன்னாசி?"

"உங்க அப்பாவும் அங்கதான தலைவரே இருக்காரு."

"எங்கப்பாவுக்குக் கல்லற இருக்கு. தூக்கிட்டுப் போயி வேற எடத்துல வைப்பாங்க. நீ சண்ட போடறதுன்னா தனியாப் போடு."

தனியாகப் போட எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குத் தமிழில் எழுதினேன். பதில் மலாயில் வந்தது. கையெழுத்திட்ட வரைபடத்தைப் பாருங்கள் என்று ஒரே வரி.

தோண்டி எடுக்கிற வாரம் கம்பெனி செலவில் ஆட்கள் வந்தார்கள். பூசாரியையும் வைத்துக்கொண்டார்கள், குறை சொல்லக்கூடாது. விதி ஒன்றுதான். கல்லறையில் பெயர் இருந்தால் தனிப்பெட்டி, பொது மயானத்தில் தனி இடம். பெயர் இல்லாததெல்லாம் ஒரே குழி.

மேற்பார்வைக்காரனை இழுத்துக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். "இங்கதான். செவ்வரளி இருந்துச்சு. இந்தக் கல்லறைக்கு மேற்கால, நாலு எட்டு."

"இங்க மூணு எலும்புக்கூடு கெடக்கு அங்கிள். எது ஒங்க ஆளு?"

குனிந்து பார்த்தேன். சேற்றில் பழுப்பாக ஏதேதோ கிடந்தது. எந்த எலும்பு பஞ்சாலை என்று எனக்குத் தெரியவில்லை. அவளோடு முப்பத்தேழு வருடம் இருந்தவன்.

"பேர் வச்ச கல்லு ஏதாச்சும்?" என்று அவன் மறுபடி கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். ஆட்கள் அவளையும் மற்றவர்களோடு சாக்கில் அள்ளினார்கள்.

வீட்டுச் சாவி கிடைத்து நான் குடிபோன பிறகு ஒரு நாள் சுகுமாறன் வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். உள்ளே வராமல் சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினான்.

"லோரிய வித்துட்டேண்ணே. மூவாயிரத்து நானூத்தி அம்பது வெள்ளி. எண்ணிப் பாத்துக்குங்க."

"எதுக்கு?"

"கடன்ணே."

"எந்தக் கடன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணே."

"மேப்பு என் கைக்கு வந்துச்சா இல்லையா?"

அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வாயத் தெறந்து சொல்லுடா. வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"வந்த அன்னைக்கு நீ எனக்கு ஒரு காசு குடுக்க வேணாம்னு சொன்னேன். தலைவர் சாட்சி. கோயில் வாசல்ல சொன்னத மாத்தச் சொல்றியா?"

"வாங்கிக்குங்கண்ணே. திட்டிட்டாவது வாங்கிக்குங்க. கல்லற மட்டும் நேரத்துக்குக் கட்டியிருந்தேன்னா..." உறை மழையில் நனைந்து கொண்டிருந்தது. "பொதுக் குழிக்கு மேலயாச்சும் ஒரு கல்லு வைக்கிறேண்ணே. அண்ணி பேர நானே என் கையால வெட்டுறேன். நீங்க எழுதிக் குடுத்த காயிதம் இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு."

"அந்தக் குழியில இருக்குற எல்லாருக்கும் மேல எம்பொண்டாட்டி பேர மட்டும் வெட்டப் போறியா?"

வாங்கியிருந்தால் அவன் அன்றிரவு தூங்கியிருப்பான். எனக்கு அது தெரியும். என் வீட்டில் கூரை ஒழுகவில்லை, புதுச் சுவர், புதுச் சாயம், சன்னலைத் திறந்தால் முன்பு சுடுகாடு இருந்த சரிவில் அவர்கள் தார் ஊற்றிப் போடுகிற ஜாலான் தெரியும். மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இந்த வீட்டில் நான் வாங்கிப் போட எதுவும் இல்லை.

அவன் உறையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினான். நான் இறங்கிப் போய் எடுத்து, அவன் மோட்டாரின் முன்கூடையில் போட்டேன்.

"உன் கடன் தீந்துபோச்சு சுகுமாறா. இனிமே இந்தப் பக்கம் வராத."

மோட்டார் இரண்டு உதைக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவனிடமிருந்து எனக்கு வர வேண்டியது இப்போது ஒன்றும் கிடையாது.